அரை மணி நேர ஆட்டத்துக்கு ஏற்ற ஆன்லைன் கேம்: யாங்கூன் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கடை, சமையல், பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக மிஞ்சும் அரை மணி நேரத்தில் ரோல் பிளேயிங் கேம் ஆட ஆசையா? இறக்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. படத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் சைஸைப் பாருங்கள். 'கென்ஷின் இம்பாக்ட்' போனில் 20 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை அப்டேட்டும் வரும். 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' ஒரு ஜிபிகூடக் கேட்காது. டேட்டா பேக் போட்டே கட்டுப்படியாகாத வீட்டுக்கு அதுதான் தோது.

2. பெரிய கேம்தான் வேண்டுமென்றால் கரண்ட் இருக்கும்போதே வைஃபையில் இறக்கிவிடுங்கள்.

3. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். அதனால் மாறி மாறி அடிக்கும் 'ஹொங்காய் ஸ்டார் ரெயில்' போன்றவை நமக்கு ரொம்ப வசதி. நம் முறை வந்தால் எதிரி காத்திருப்பான். அடுப்பில் பால் பொங்கினாலும் இறக்கிவைத்துவிட்டு வரலாம்.

4. கணக்கை ஃபேஸ்புக்கோடு இணைக்காதீர்கள். 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே அது தடையில் இருக்கிறது, 2024 நடுவிலிருந்து விபிஎன்னுக்கும் நெருக்கடி. மின்னஞ்சல் கொடுத்துத் தொடங்கினால் சேர்த்ததெல்லாம் பத்திரம்.

5. தினமும் மணிக்கணக்கில் உட்காரச் சொல்லும் கேம் வேண்டாம். கென்ஷினில் பரிசுகளை எடுக்கச் செலவாகும் 'ரெசின்' என்ற ஆற்றல் 8 நிமிடத்துக்கு ஒன்றாக ஊறி 200 வரை சேரும்; நிரம்பவே 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும், நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். ஆசியா சர்வரில் புது நாள் நம் நேரத்துக்கு அதிகாலை 2:30க்குத்தான் பிறக்கும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் அன்றைய வேலையை முடிக்கலாம்.

6. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் 'கில்ட் வார்ஸ் 2' பாருங்கள். மாதச் சந்தா கிடையாது, அடிப்படை ஆட்டம் இலவசம். 2012இல் வந்ததிலிருந்து உச்ச லெவல் 80தான். ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் நாம் பின்தங்கிப் போவதில்லை.

7. முதல் மாதம் ஒரு காசும் போடாதீர்கள், சலித்துவிட்டால் மிச்சம். பிறகு கடையில் டாப்-அப் செய்தாலும் கேமில் உங்கள் கணக்குக்கு உள்ள யுஐடி எண் மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்கிற கடைக்குப் போகவே வேண்டாம்.

8. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆட வேண்டுமா? அவர்கள் எந்த சர்வர் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கென்ஷினில் சர்வர் மாறினால் முதலிலிருந்துதான் ஆட வேண்டும்.

9. கிராஃபிக்ஸில் எஃப்பிஎஸ் (ஃப்ரேம் வேகம்) 60 என்றிருப்பதை 30 ஆக்கி, திரை வெளிச்சத்தையும் குறையுங்கள். அடுத்த முறை கரண்ட் வரும்வரை சார்ஜ் தாங்கும்.