பின் இருக்கையில் அமர்வோர் அறிய வேண்டியது



காரில் ஏறும்போது நாம் எதைக் கவனிக்கிறோம்? சன்னல் ஓரம் யாருக்கு என்பதைத்தான். ஏறிய கதவு மீண்டும் திறக்குமா என்று ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்மோட்டார் பாடம் முடிந்த அன்று எங்கள் அறிவியல் ஆசிரியை, "மோட்டாரால் திறக்கும் கதவுள்ள காரில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பேட்டரி தீர்ந்துவிட்டது. எப்படி வெளியே வருவீர்கள்?" என்று கேட்டார். பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. விடையைத் தேடி நாங்கள் கற்றதை இங்கு உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

காரின் கதவுக்குள் ஒரு தாழ் உண்டு. அது கொக்கி போல வளைந்து, கதவு நிலையில் உள்ள இரும்பு வளையத்தைப் பற்றிக்கொள்ளும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில், உட்புறக் கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி அக்கொக்கியை விடுவிக்கிறது. பூட்டுவதற்கு மின்சாரம் உதவினாலும், உள்ளிருந்து திறப்பது நம் கையே. பேட்டரி தீர்ந்தாலும் கதவு திறக்கும்.

புதுவகைக் கார்கள் சிலவற்றில் கைப்பிடிக்குப் பதிலாகப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் மின்செய்தி சென்று, கதவுக்குள் உள்ள சிறு மோட்டார் சுழன்று கொக்கியை விடுவிக்கும். விரலால் தொட்டாலே கதவு திறப்பது வசதிதான். ஆனால் அந்த மோட்டாருக்கு மின்சாரம் தருவது, பெரும்பாலும் 12 வோல்ட் அளவுள்ள சிறிய பேட்டரியாகும். மின்சாரக் காரை ஓட்டும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், இச்சிறிய பேட்டரி சோர்ந்துவிட்டால் பட்டன் வேலை செய்யாது.

இதற்காகவே அவசரக் கைவிசை ஒன்று வைக்கப்படுகிறது. அது மோட்டாரை நம்பாமல், கம்பியால் நேரே கொக்கியை இழுப்பது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். 2005-ஆம் ஆண்டு முதல் வந்த கார்வெட் கார்களில் இருக்கையின் பக்கத்தில், தரையில் இருந்தது. டெஸ்லா மாடல் ஒய் காரின் முன்கதவில், சன்னல் பட்டன்களுக்கு அருகே இருக்கிறது; கையால் மேலே தூக்கினால் போதும். அதன் பின்கதவிலோ, பொருள் வைக்கும் பையின் அடியில் உள்ள விரிப்பை நீக்கி, மூடியைத் திறந்து, உள்ளே உள்ள கம்பியை இழுக்க வேண்டும். அந்த மாடலின் எல்லாக் கார்களிலும் பின்கதவுக் கைவிசை இருப்பதும் இல்லை.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பேட்டரி இணைப்புத் தளர்ந்த ஒரு கார்வெட் காருக்குள் முதியவர் ஒருவரும் அவருடைய நாயும் அகப்பட்டு வெப்பத்தால் இறந்தனர். கைவிசை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதைப் படித்தபோது எங்கள் மனம் கலங்கியது. கருவி இருந்தது, அது இருக்கும் இடந்தான் உரிய நேரத்தில் உதவவில்லை.

2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, 2021-ஆம் ஆண்டு மாடல் ஒய் கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. பின் இருக்கையில் குழந்தை இருக்க, வெளியே நின்ற பெற்றோரால் கதவைத் திறக்க முடியவில்லை என்று புகார்கள் வந்திருந்தன. நான்கு நிகழ்ச்சிகளில் கண்ணாடியை உடைக்க நேர்ந்தது. உள்ளே கைவிசை இருந்தாலும் சிறு குழந்தையால் அதை எட்டி இழுக்க இயலுமா? வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 10 நிமிடத்தில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் கூடிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நல்ல விதி உயிரைக் காக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவில் மூன்று நிகழ்ச்சிகளில் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் அகப்பட்டு இறந்தனர். அதன்பின், 2001 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்களின் டிக்கியை உள்ளிருந்தே திறக்க வழி இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இருளில் ஒளிரும் கைப்பிடி அவ்வாறு வந்ததே. யாரும் சொல்லிக் கொடுக்காமலே குழந்தையின் கண் அதைக் காணும். சீன அரசும் 2025-இல், கார்க் கதவுகளுக்கு இயந்திரக் கைப்பிடி வேண்டும் என்னும் விதியின் வரைவை வெளியிட்டது.

தோழியரே! கார் ஓட்டுபவர் முன்னே அமர்கிறார். அவருடைய கைவிசை எளிதில் எட்டும். பின்னே அமர்பவர்கள் நாமும் நம் தம்பி தங்கையரும். மறைவாக இருப்பது நமது கைவிசையே. ஆகையால் எந்தக் காரில் ஏறினாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். கதவு கையால் திறப்பதா, மோட்டாரால் திறப்பதா? கைவிசை எங்கே? பின்கதவுக்கும் அது உண்டா? காருடன் வரும் கையேட்டில் விடை இருக்கும். கார் நிற்கும்போது மட்டும், பெரியவர் துணையுடன் ஒருமுறை திறந்து பழகுவோம். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. அப்போது முன் இருக்கைக்கு ஏறிச் சென்று முன்கதவைத் திறக்கவும், ஹாரனை அழுத்தி உதவி கேட்கவும் சிறியவர்களுக்குக் கற்பிப்போம்.

எங்களில் பலர் வீட்டில் கார் இல்லை. ஆயினும் திருமணத்திற்கும் மருத்துவமனைக்கும் வாடகைக் காரில் போகாதவர் உண்டா? ஒரு தோழி, வாடகைக் கார் ஓட்டுநரிடம் இக்கேள்விகளைக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து காட்டினார். அவளுடைய நான்கு வயதுத் தம்பியும் பார்த்துக் கொண்டான்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். பெற்றோரே, அடுத்த பயணத்திற்கு முன், வெளியே வரும் வழியைப் பின் இருக்கைக்கும் காட்டுங்கள்.