தட்டில் ஏறும் ரோஸ் நிறம்

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் தோழிகள் கூடி மணப்பெண்ணுக்குப் பரிசு தரும் பிரைடல் ஷவர், அமெரிக்காவிலிருந்து கிளம்பி சென்னை, கோவை அடுக்குமாடிகளின் பார்ட்டி ஹால் வரை வந்துவிட்டது. கூடவே ‘தீம்’ வந்தது. தீம் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் ஒரு நிறம்தான். பலூன், திரைச்சீலை, உடை என்று தொடங்கி அந்த நிறம் கடைசியில் தட்டிலும் ஏறுகிறது. பலூனை யாரும் தின்னப் போவதில்லை. தட்டில் இருப்பதைத் தின்பார்கள். அதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பிரைடல் ஷவர் தொன்மையான சடங்கு, இன்னின்ன பண்டம்தான் வைக்க வேண்டும்.

ஏழை மாவு மில்காரனைக் காதலித்த டச்சுப் பெண்ணுக்கு அப்பா சீர் தர மறுக்க, ஊரார் சேர்ந்து தந்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான், ஆவணம் இல்லை. அமெரிக்க நகரங்களில் ஷவர் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். மெனுவுக்கு விதி எதுவும் கிடையாது. மக்ரோன் வைக்காததால் எந்தக் கல்யாணமும் நின்றதில்லை.

நம்பிக்கை: மினுமினுப்புத் தூள் டப்பாவில் ‘நான்-டாக்சிக்’ என்று போட்டிருந்தால் கேக்கில் தூவலாம்.

ரோஸ் கோல்டு மோகத்தில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ‘நான்-டாக்சிக்’ என்ற சொல்லுக்கு, தொட்டால் கெடுதல் இல்லை என்ற அளவில்தான் பொருள்; தின்னலாம் என்று அல்ல. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ரோஸ் கோல்டு மினுமினுப்புத் தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். சோதித்தபோது அந்தத் தூளில் கிடைத்தது செம்பு. மறு ஆண்டு மிசௌரியில் இன்னொரு கேக் அலங்காரத் தூளால் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் இரண்டையும் சேர்த்து எச்சரித்தது.

தின்னத் தக்க தூள் என்றால் டப்பாவில் உட்பொருள் பட்டியல் இருக்கும். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண், 14 இலக்கம், அச்சிட்டிருக்கும். கைவினைப் பொருள் கடையில் வாங்கியது கைவினைக்கு.

நம்பிக்கை: கொஞ்சம் ரோஸ் கலர் சேர்த்தால் என்ன ஆகிவிடும்?

என்ன கலர் என்பதைப் பொறுத்தது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமூட்டிய பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. சோதனையில் அகப்பட்ட ரோடமின்-பி, துணிக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்க அனுமதியுள்ள செயற்கை நிறங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுக்கும் அளவு வரம்பு உண்டு. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் ‘கேசரிப் பவுடர்’ எந்த வகை என்று கடைக்காரருக்கே தெரியாது.

நம்பிக்கை: அப்படியானால் பீட்ரூட் போதும், எல்லாம் இயற்கை.

இயற்கைதான். ஆனால் பீட்ரூட்டின் நிறத்துக்குச் சூடும் ஆகாது, சோடாவும் ஆகாது. கலக்கும்போது ஜொலித்த கப்கேக் மாவு ஓவனிலிருந்து பழுப்பாக வெளிவரும். பீட்ரூட்டையே வேகவைத்து, ஆறியபின் தயிரில் சேருங்கள்: எந்தச் சாயமும் தராத ரோஸ் நிறத்தில் பச்சடி நிற்கும். தீமுக்கு ஏற்ற ஒரே பண்டம் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில், மேலே நாலு மாதுளை முத்து. சிவப்புக் கொய்யா பிறவியிலேயே அந்த நிறம்.

ஊதா கேட்கும் மணப்பெண்ணுக்குச் சங்குப்பூ. வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. புளிப்பு பட்டால் அந்த நிறமி மாறிவிடும். முன்கூட்டியே பிழிந்து வைத்துவிடாதீர்கள். வந்தவர்கள் தாங்களே பிழியட்டும், விளையாட்டு தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்காது.

நம்பிக்கை: ரெட் வெல்வெட்டின் சிவப்பு கோகோவிலிருந்து வருவது.

கோகோவும் புளிப்பும் சேர்ந்தால் செம்பழுப்பு வரும், அவ்வளவே. இன்றைய குங்குமச் சிவப்பு சாயத்தின் உபயம்.

நம்பிக்கை: கேக்கில் பூ வைத்தால் ஆபத்தில்லை.

அரளியும் பூதான். அதைத் தின்றதால் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு சாவுக்குப் பின், 2024-இல் கேரளத் தேவஸ்வம் போர்டுகள் நிவேதனத்தில் அரளியை நிறுத்தின. குலைகுலையாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவிலும் நஞ்சு உண்டு. ரோஜா தின்னக்கூடியது, ஆனால் பொக்கேக்காக வளர்த்தது பூச்சிமருந்து குடித்து வளர்ந்தது. வீட்டுத் தொட்டியில் பூத்த பன்னீர் ரோஜா இருந்தால் சரி. இல்லையென்றால் பூ மேசைக்கு, கேக்குக்கு அல்ல.

நம்பிக்கை: விருந்தினர் வருமுன் மேசை முழுக்க அடுக்கி முடித்துவிட வேண்டும்.

படத்துக்கு அழகுதான். ஆனால் கேக் கிரீமில் உள்ள வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்குகிறது. சித்திரையில் நம் ஊர் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பனீர், மயோனெய்ஸ் சாண்ட்விச் போன்றவை வெளியே இரண்டு மணி நேரம் தாண்டக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். வகைக்கு ஒரு தட்டு மட்டும் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், மணப்பெண் வந்து உட்கார்ந்தபின் வெளியே வரலாம்.