340 கிலோஹெர்ட்ஸில் கூப்பிடுவது யார்?

விமானிகளுக்குத் திசை காட்ட நிறுவப்பட்ட என்டிபி என்னும் ரேடியோ பீக்கன்கள் ராப்பகலாகத் தங்கள் பெயரை மோர்ஸில் சொல்லிக்கொண்டே இருக்கும். பெயர் என்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று எழுத்து. தொலைவில் இருக்கும் பீக்கனைக் கேட்டு, அதை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேட்டை.

சொந்த ரிசீவர் வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் இணையவழி ரிசீவரான வெப்எஸ்டிஆரை பிரவுசரில் திறந்து, 190 முதல் 535 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்குப் போங்கள். பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். ஆகவே பீக்கன் இருக்கும் இடம், ரிசீவர் இருக்கும் இடம் இரண்டிலும் இருட்டியிருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இந்திய நேரம் காலை ஆறு மணி சரியான பொழுது. நெதர்லாந்தில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை, அட்லாண்டிக்குக்கு அப்பால் கனடாவிலும் இருட்டு.

அடுத்து மோர்ஸ் கேட்பதற்கான சிடபிள்யூ முறைக்கு மாற்றி, ஃபில்டரை 500 ஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பீக்கன் பட்டியல்களில் இருப்பது கேரியர் அலையின் அலைவரிசை எண். அது இடைவிடாத கோடு, அதில் எழுத்து இருக்காது. எழுத்துகள் அதிலிருந்து தள்ளி நிற்கும்: கனடாவில் சுமார் 400 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் பெரும்பாலும் 1020.

கியூபெக்கின் மோன்-ஜோலி பீக்கனை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 340. நீங்கள் தேட வேண்டியது 340.4-ஐ ஒட்டி. கோடு, புள்ளி, கோடு, கோடு, மறுபடி அதே. அதாவது ஒய், ஒய். பிறகு ஒரு நீண்ட கோடு. இது கனடா பீக்கன்களின் வழக்கம். மோர்ஸ் தெரியாவிட்டாலும் பயமில்லை. வேகம் குறைவுதான், அலைகளைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் புள்ளியும் கோடும் கண்ணுக்கே தெரியும், தாளில் குறித்து மோர்ஸ் அட்டவணையோடு ஒப்பிடலாம்.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அதே எழுத்துகள் வேறு கண்டத்திலும் இருக்கும். எண், தள்ளி நிற்கும் அளவு, ஒரு சுற்றுக்கு ஆகும் விநாடி மூன்றும் பொருந்த வேண்டும். கனடாவில் ஒரு குறுக்குவழி உண்டு: விமான நிலையக் குறியீட்டின் முதல் ஒய்யை வெட்டினால் பல இடங்களில் பீக்கன் பெயர் கிடைக்கும். மோன்-ஜோலியின் குறியீடு ஒய்ஒய்ஒய்.

283.5 முதல் 325 வரை விடாமல் கிறுகிறுப்பவை கப்பல்களுக்கான டிஜிபிஎஸ் நிலையங்கள், தாண்டிப் போங்கள். பல நாடுகள் என்டிபிக்களை ஒவ்வொன்றாக மூடிவருவதால் பழைய பட்டியல்கள் ஏமாற்றும். மூன்று சுற்று மாறாமல் கேட்ட பிறகே நோட்டில் ஏற்றுங்கள், யுடிசி நேரத்தோடு.