இலைக்கணக்கும் விளம்பரக் கணக்கும்

தமிழ்நாட்டில் ஒரு விவாகம் இனிதே நடந்தேறுவதற்குள் பந்தல்காரர், சமையல் காண்ட்ராக்டர், நாதஸ்வரக் கோஷ்டியார், மாலை கட்டுபவர், மேடை அலங்காரம் செய்பவர், மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்யும் பெண்மணி, போட்டோ ஸ்டூடியோக்காரர், சீர்வரிசைத் தட்டு அடுக்குபவர் என்று எத்தனையோ பேருடைய உழைப்பு ஒரு மண்டபத்துக்குள் வந்து சேர்கிறது. இவர்களில் பெரும்பாலோர் நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு, வருஷத்தில் எண்ணக்கூடிய சில முகூர்த்த நாட்களில் கிடைக்கும் வருமானத்தைக் கொண்டே மற்ற நாட்களையும் கழிக்கவேண்டிய நிலையில் இருப்பவர்கள். தொழிலில் இவர்களுக்குள்ள தேர்ச்சியைப்பற்றிச் சந்தேகமில்லை. அந்தத் தொழிலை எப்படி விற்பது என்ற விஷயத்தில்தான், முந்திய தலைமுறையிலிருந்து வந்த சில நம்பிக்கைகளும், கைபேசி வந்தபிறகு புறப்பட்ட சில உபதேசங்களும் சேர்ந்துகொண்டு, இவர்களை வீண் செலவிலும் மனஸ்தாபத்திலும் கொண்டுபோய் விடுகின்றன. அவற்றில் அதிகமாகப் பரவியிருப்பவற்றை இங்கே பரிசீலிக்கலாம்.

“கல்யாணம் ஒரு தடவைதான், அந்த வீட்டார் மறுபடி நம்மிடம் வரப்போவதில்லை.”

மற்ற நம்பிக்கைகளுக்கெல்லாம் மூலமாக இருப்பது இதுவே என்பது என் அபிப்பிராயம். கடைசிப் பந்தியில் பாயசம் தண்ணீராக இருந்தாலும், ஆல்பம் ஆறு மாதம் தாமதித்தாலும் பாதகமில்லை என்று ஒரு தொழிலாளி நினைப்பதற்கு, இனி இந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கிறது. உண்மையில், விவாகம் நடந்த வீட்டில் சுபகாரியங்களின் வரிசை அன்றைக்குத்தான் ஆரம்பமாகிறது. வளைகாப்பில் தொடங்கி, சீமந்தம், பெயர் சூட்டல், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று போய், அதே மணமக்களின் பெற்றோருக்கு அறுபது நிறையும்போது சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று ஒரு வீட்டிலேயே எத்தனை விசேஷங்கள் இருக்கின்றன! அறுபதையும் எண்பதையும் திருக்கடையூருக்குப் போய்க் கொண்டாடுகிறவர்கள்கூட, ஊர் திரும்பியதும் உறவினருக்கு ஒரு விருந்து வைக்கவே செய்கிறார்கள்.

இவற்றுக்கு அப்பால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வரிசையிலும் அடுத்த வருஷம் பெண்ணையோ பிள்ளையையோ கட்டிக்கொடுக்கப் போகிற ஒருவராவது இருப்பார் என்பதை நினைக்கவேண்டும். “சமையல் யாருங்க?” என்ற கேள்வி இலைமுன்னால் பிறக்கிறதே, அதைவிட உயர்ந்த விளம்பரத்தை எந்தப் பத்திரிகையிலும் பணம் கொடுத்துப் போட முடியாது. ஆகையால் நல்ல தொழிலாளி ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளவேண்டும். முகூர்த்தத் தேதி, விழுந்த இலைகளின் எண்ணிக்கை, வீட்டார் விரும்பிப் பாராட்டிய பதார்த்தம், கணக்கு வழக்குகளைப் பார்த்தவர் சித்தப்பாவா தாய்மாமனா, வீட்டில் இன்னும் விவாகமாக வேண்டிய பிள்ளைகள் உண்டா ஆகிய விவரங்களை அதில் குறித்துவைத்தால், பிற்காலத்தில் அதுவே தொழிலின் மூலதனமாகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வளைகாப்புக்கு ஆர்டர் பிடிக்கும் ஆசையில், இளம் தம்பதிகளைக் கூப்பிட்டு “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று விசாரிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உற்றார் எல்லோரும் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கும் ஒரு பெண்ணிடம் வியாபாரியும் அதையே கேட்பது கொடுமை. திருமண நாளன்று ஒரு வாழ்த்து அனுப்பினால் போதும். ஞாபகம் வேண்டியவர்களுக்குத் தானே வரும்.

“விலையைச் சொல்லாமல் வைத்திருந்தால்தான் ஆட்கள் நேரில் வருவார்கள், வந்தபின் குறைத்துச் சொன்னவனுக்கே வேலை.”

பெண்ணைப் பெற்றவர் ஒருவர் ஒரே வாரத்தில் மண்டபம், சமையல், மேளம், பூ, படம் என்று பலரையும் விசாரிக்கிறார். விலையைச் சொல்லாதவரைத் தேடிப் போய்க் கேட்க அவருக்கு அவகாசமும் இல்லை, பலமும் இல்லை. அவருடைய பயம், தொகை பெரிதாக இருப்பதைப்பற்றியதன்று. ஒப்புக்கொண்ட தொகைக்குமேல் விவாகத்தன்று காலையில் புதிது புதிதாக என்னென்ன கிளம்புமோ என்பதைப்பற்றியது. இந்தப் பயத்தைத் தீர்ப்பவர் சற்று அதிகமாகக் கேட்டாலும் அவரிடமே வேலை வருகிறது.

சமையல் வேலையையே உதாரணமாகக் கொள்வோம். வீட்டார் மளிகையும் காய்கறியும் வாங்கிக் கொடுக்க, கூலிக்குச் சமைத்துத் தருவது ஒரு முறை. இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒப்புக்கொள்வது மற்றொரு முறை. இரண்டாவது முறையில்தான் தகராறு அதிகம். மாப்பிள்ளை அழைப்பு இரவுச் சாப்பாட்டுக்கும், முகூர்த்தக் காலை டிபனுக்கும், மத்தியான விருந்துக்கும் ஒரே விலையா? பாத்திர வாடகை, வண்டிக் கூலி, காஸ் சிலிண்டர், தண்ணீர் பாட்டில், பரிமாறுகிறவர்களின் சம்பளம், மறுநாள் கட்டுச்சாதம் ஆகியவை அதில் அடக்கமா, தனியா? 600 இலைக்குச் சொல்லிவிட்டு 450 பேர் வந்தால் என்ன கணக்கு? வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குமேல் சேவை வரவு உள்ளவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ளவேண்டியவர்கள், அப்படியானால் சொன்ன விலை வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா? இவ்வளவையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, குறைந்தபட்ச இலை எவ்வளவு என்பதையும், பந்திக்கு முன்னும் பின்னும் இலைக்கட்டை வீட்டு மனிதர் ஒருவரை வைத்துக்கொண்டு எண்ணவேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அந்தத் தாளே பாதி விற்பனையை முடித்துவிடும்.

மிகவும் குறைத்துச் சொல்லுகிறவரைப் பார்த்து வீட்டார் மகிழ்வதில்லை. எதில் குறைப்பாரோ, எண்ணெயிலா, முந்திரியிலா, ஆளிலா என்று சந்தேகப்படுகிறார்கள். பேரம் பேசவேண்டிய நிர்ப்பந்தம் வந்தால், விலையை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பதார்த்தங்களைக் குறைத்துக் கொடுப்பதே இருதரப்புக்கும் மரியாதையானது. பூ அலங்காரம் செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. மார்கழி, தை மாதப் பனியில் மல்லிகை விளைச்சல் குன்றிவிடும். முகூர்த்த நாளாகவும் இருந்துவிட்டால் மதுரையிலும் தோவாளையிலும் பூவின் விலை சாமானியர் நெருங்க முடியாத உயரத்துக்குப் போய்விடும். வருஷம் முழுவதற்கும் ஒரே விலை என்று ஒப்புக்கொள்கிறவர் நஷ்டப்படவேண்டும், அல்லது வாடின பூவை வைக்கவேண்டும். கைவேலைக்கு இவ்வளவு, பூவுக்கு அன்றைய சந்தை விலை என்று பிரித்துச் சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

“ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் எடுப்பவன் கெட்டிக்காரன்.”

துணிக்கடைக்காரருக்கு இன்று விற்காத சேலை நாளை விற்கும். சமையல்காரருக்கும் படம் பிடிப்பவருக்கும் விற்காமல் போன ஒரு முகூர்த்த நாள் போனதுதான். இதனால் நல்ல நாள் வரும்போது அள்ளிக்கொள்ளவேண்டும் என்ற ஆசை பிறப்பது இயல்பே. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டார் நம்பிப் பணம் கொடுப்பது குறிப்பிட்ட ஒரு மனிதரின் கைக்கும் கண்ணுக்கும் என்பதை மறக்கக்கூடாது. தலைமைச் சமையல்காரர் ஒரே சமயத்தில் மூன்று கோட்டையடுப்புகளுக்கு முன்னால் நிற்க முடியாது. அவர் பெயரைச் சொல்லி வந்த கூலியாட்கள் சாம்பாரைக் கெடுத்தால், மூன்று வீடுகளிலும் கெடுவது அவர் பெயரே. இரண்டாவது குழுவை அனுப்புவதாக இருந்தால், யார் வருவார், அவர் இதற்குமுன் செய்த வேலை எது என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் பெற்றுக்கொண்டு அனுப்பவேண்டும். இடமில்லை என்று சொல்லவேண்டிய நாளில் நம்பகமான இன்னொரு தொழிலாளியின் பெயரைச் சொல்லி அனுப்பினால், அவர் கை நிறைந்திருக்கும் நாளில் அதே உபகாரம் திரும்பி வரும்.

“ஆடி, புரட்டாசி, மார்கழி வந்தால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.”

இந்த மூன்று மாதங்களிலும் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் விவாகம் வைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆவணியிலும் ஐப்பசியிலும் தையிலும் நடக்கிற விவாகங்களுக்கு மண்டபமும் சமையலும் பேசி முடிப்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடக்கிறது. தாலி கட்டாத மாதம் என்பது வேறு, தீர்மானம் செய்யாத மாதம் என்பது வேறு. ஓய்வாக இருக்கும் இந்தக் காலத்தில், தேதி குறித்துவிட்ட குடும்பங்களை அழைத்து, ஒரு வேளை சமைத்துப் போட்டு ருசி பார்க்கச் சொல்லுவது, முந்திய பருவத்தில் எடுத்த படங்களை ஒழுங்குபடுத்தி ஆல்பமாக்குவது, மணப்பெண்ணின் சருமத்துக்கு ஒப்பனைப் பொருள் ஒத்துக்கொள்கிறதா என்று பரீட்சை செய்வது ஆகியவற்றை மேற்கொள்ளலாம். தவிரவும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிப்பவர்களல்லர்.

ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடியைக் கண்டு, நாமும் ஆடியில் விலையைக் குறைப்போம் என்று அலங்காரக்காரர்கள் அறிவிப்பதில் பிரயோஜனம் இல்லை. அங்கே ஆடியில் வாங்கிய பட்டு ஆவணியில் உடுத்திக்கொள்ளப்படுகிறது. இங்கே ஆடியில் விவாகமே இல்லை. சலுகை கொடுக்க மனமிருந்தால் வளர்பிறை முகூர்த்தமல்லாத நாட்களில் நடக்கும் வரவேற்புகளுக்குக் கொடுக்கலாம்.

“இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தால் ஆர்டர் தானாக வரும்.”

யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. மேடை அலங்காரம், ஒப்பனை, படம் ஆகிய மூன்றையும் இக்காலத்தில் மணமக்களே கைபேசியைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். அத்தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு முகம் அவசியமே. சமையலையும் மேளத்தையும் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். அவர்கள் வீடியோவைப் பார்த்து அல்ல, சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தும், கேட்டுப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள். எனவே ஒரு சமையல் காண்ட்ராக்டர் மாதாமாதம் வீடியோ விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணத்தில், நல்ல பரிமாறும் ஆள் இருவரைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் பலன் அதிகம். கும்பகோணத்து அலங்காரக்காரரின் படத்தை எங்கோ வடக்கே இருப்பவர் விரும்பி மெச்சுவதால் கும்பகோணத்தில் ஒரு மேடைகூட அதிகமாகக் கிடைத்துவிடாது. கூகுள் வரைபடத்தில் ஊர்ப் பெயரோடு கடையைப் பதிவு செய்து, எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும், தம் கையால் செய்த வேலைகளின் படங்களையும் வைத்திருப்பது எளிய காரியம். அயல்நாட்டில் இருந்துகொண்டு சொந்த ஊரில் விவாகம் வைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

தம் கையால் செய்தவை என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். யாரோ செய்த மேடையின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துத் தம்முடையதாகக் காட்டுவது, 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கண்டிக்கும் தவறான விளம்பரத்தில் சேரும். பணம் கொடுத்துப் பாராட்டுரை எழுதி வாங்குவதும் அதே வகையைச் சேர்ந்தது. இணையத்து மதிப்புரைகளை எப்படிச் சேகரித்து வெளியிடவேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஒரு தரநியமமே வகுத்திருக்கிறது.

“மண்டபத்து மானேஜரைக் கவனித்துக்கொண்டால் போதும்.”

மானேஜருக்குக் கொடுக்கும் கமிஷன் வானத்திலிருந்து வருவதில்லை; இலையிலிருந்து வருகிறது. ருசி கெடும்போது மானேஜரைத் திட்ட யாரும் போவதில்லை.

“முன்பணம் வாங்கியாயிற்று, நின்றுபோன கல்யாணத்துக்குத் திருப்பித் தரவேண்டியதில்லை.”

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதத் தொகை இவ்வளவு என்று எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான நஷ்டஈட்டுக்கு மட்டுமே உரிமை கொடுக்கிறது. அடைந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் நிபந்தனையை, நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019ஆம் வருஷத்துச் சட்டமும் சொல்லுகிறது. இத்தனை நாளுக்குமுன் ரத்து செய்தால் இவ்வளவு திருப்பித் தரப்படும், வேறு தேதிக்கு மாற்றிக்கொண்டால் இவ்வளவு கழித்துக்கொள்ளப்படும் என்று படிப்படியாக எழுதிவைப்பதே இரு தரப்பாருக்கும் ரக்ஷை. வீட்டில் மரணம் நேர்ந்து விவாகம் தள்ளிப்போன குடும்பத்திடம் எழுத்தைக் காட்டி வாதாடுவதைவிட, அரிசி வாங்குவதற்குமுன் செய்தி வந்துவிட்டால் தேதியை மாற்றிக் கொடுப்பதுதான் முறை.

“நான் எடுத்த படம் என்னுடையது, விளம்பரத்துக்குப் போட யாரைக் கேட்கவேண்டும்?”

படக்காரர்களில் மிகப் பலர் மனப்பூர்வமாக இப்படி நம்புகிறார்கள். ஆனால் சட்டம் வேறுவிதமாக இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் ஒன்று இல்லாத பக்ஷத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருக்கும் மணமக்கள் படமும் விளம்பர வீடியோவும் அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடு இருக்கவேண்டியவை. மணப்பெண்ணின் ஒப்பனைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறவர்கள், எழுத்து வாங்குவதோடு, அந்தப் பெண்ணுக்கு அதனால் மனம் சுருங்குமா என்பதையும் யோசிக்கவேண்டும். ஆர்டர் எழுதும் தாளிலேயே, இன்ன படங்களை இன்ன இடத்தில் காட்டச் சம்மதமா இல்லையா என்று ஒரு வரி சேர்த்து, இல்லை என்று சொல்லுகிறவர்களுக்கும் விலையிலும் வேலையிலும் எந்த வித்தியாசமும் காட்டக்கூடாது. பின்னால் எக்காரணத்தாலோ அவர்களே படத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டால், காரணம் விசாரிக்காமல் அன்றைக்கே எடுத்துவிடவேண்டும்.