மனைப்படப்பை: இலக்கியத்திலும் இல்லத்திலும்

உண்ணும் உணவில் ஒரு பகுதியையேனும் தம் மனையைச் சூழ்ந்த நிலத்திலேயே விளைவித்துக்கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. அந்நிலத்தைக் குறிக்கவே பல சொற்கள் நம் மொழியில் வழங்கி வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றையும், அவை காட்டும் வாழ்க்கையையும், அவ்வாழ்க்கை இன்று நம் இல்லங்களில் எந்நிலையில் உள்ளது என்பதையும் இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம்.

மனையை அடுத்த தோட்டத்தைச் சங்கப் புலவர்கள் 'படப்பை' என்றனர். வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில் இதே பெயருடன் ஓர் ஊர் இன்றும் உள்ளது. பேருந்தின் பெயர்ப்பலகையில் இச்சொல்லைக் காண்போருள், தாம் காண்பது ஒரு சங்கச் சொல் என அறிவோர் எத்தனை பேர்? 'கொல்லை' என்பது முன்னாளில் முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்தது. இன்று வீட்டின் பின்புறத்திற்கு ஆகி நிற்கிறது. 'புழக்கடை' என நாம் பேச்சில் வழங்குவது 'புழைக்கடை' என்பதன் திரிபாகும். புழை என்பது சிறு வாயில். புழங்கும் இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பாரும் உளர். பின்வாயில் எனக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து.

பத்துப்பாட்டில் இரண்டு காட்சிகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தண்டலை உழவர் என்போர் வருகின்றனர். தண்டலையாவது சோலை. தென்னை ஓலையால் வேய்ந்த அவர்தம் மனைகள் தனித்தனியே தோட்டங்களின் நடுவில் அமைந்துள்ளன. முற்றத்திலே மஞ்சள் வளர்கிறது. அவ்வழியே வரும் பாணர்க்குப் பலாப்பழமும் வாழைப்பழமும் பனை நுங்கும் சேம்பின் முற்றிய கிழங்கும் கிடைக்கும் என்கிறார் புலவர். மரத்தின் உச்சியில் காய்ப்பதும் மண்ணுக்குள் விளைவதும் ஒரே மனையில் அமைந்திருத்தல் நோக்கற்பாலது. உயர்ந்த மரம், அதன் நிழலில் வாழை, அதன் அடியில் சேம்பும் மஞ்சளும் என்னும் அடுக்குமுறையை இன்றைய தோட்டக்கலையாளரும் பரிந்துரைக்கின்றனர்.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் தம் சிறுபாணாற்றுப்படையில் காட்டும் காட்சி முற்றிலும் வேறானது. அங்கே பாணனின் மனைவிக்குத் தோட்டமில்லை. குப்பையில் தானே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பும் இன்றி வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவரோ என நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தாருடன் அதனை உண்கிறாள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரும் தம் இல்லத்து வறுமையை ஏறத்தாழ இவ்வாறே கூறியுள்ளார். கீரை அவர்களைக் காத்தது. ஆயினும் அதனை உண்பது நாணத்தக்கதாயிற்று.

அந்த நாணம் முற்றும் நீங்கிவிட்டதாக நாம் கருதவில்லை. நம் சமுதாயத்து வீடுகளில் விருந்தினர் வந்தால் இறைச்சி அல்லாத ஒன்றை விரிப்பில் முதன்மையாக வைக்க மனம் ஒப்புவதில்லை. கீரை சமைத்த அன்று விருந்தினர் வந்துவிட்டால் அக்கிண்ணம் அடுப்படியிலேயே நின்றுவிடும். இஃது உபசரிப்பின் மிகுதியால் வந்த வழக்கம் என அமைதி கூறலாம். ஆனால் 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உள்ளது. முதற்பாட வேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் மாணவியரை ஆசிரியராகிய நாம் அறிவோம். அவருள் சிலர் வீட்டு வாயிலில் முருங்கை மரம் நின்றுகொண்டிருக்கும்!

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றின் புளிப்புச்சத்தோடு உண்டால் அஃது ஓரளவு கூடும். உண்டவுடன் தேநீர் பருகினால் குறையும். உணவு முடிந்ததும் தேநீர் அருந்தும் நம் வழக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்தல் நன்று. சோகை மிகுந்தோர் மருத்துவரைக் காணவே வேண்டும். கீரை மருந்துக்கு மாற்றாகாது.

கடல் கடந்து வந்தவை

நம் கொல்லையில் உள்ளவை அனைத்தும் சங்க காலத்தவை அல்ல. மிளகாய், பப்பாளி, கொய்யா, தக்காளி ஆகியன அமெரிக்க நிலத்தைச் சேர்ந்தவை. போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வந்த 1498ஆம் ஆண்டிற்குப் பின்னரே இங்கு வேரூன்றின. மிளகின் காரத்தை ஒத்த காய் என்பதால் மிளகாய் எனப் புதிய வரவுக்குப் பழைய சொல்லாலேயே பெயரிட்டனர். கொய்யா என்பது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 'கொய்யாத பழம்' எனப் பிரித்துப் பொருள் கூறும் மாணவரை நாம் ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறோம். நோன்புக் கஞ்சியில் மணக்கும் புதினா பாரசீகப் பெயருடையது. நம் நாரத்தையோ எதிர்த்திசையில் பயணம் செய்தது. பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், இசுபானியத்தில் நாரஞ்சா என வழங்கும் சொற்களுக்கு மூலம் திராவிடச் சொல்லே என்பது அறிஞர் பலரின் துணிபு.

அரபு நாட்டு வரலாற்றிலும் தோட்டத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. அடிமையாயிருந்த சல்மான் பார்சீ (ரலி) அவர்களின் விடுதலைக்கு ஈடாக முந்நூறு பேரீச்சங் கன்றுகள் நட்டுத் தரப்பட வேண்டும் என அவர்தம் உரிமையாளர் கேட்டார். தோழர்கள் கன்றுகளைத் திரட்டித் தந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அவற்றை நட்டார்கள். ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ விலங்கோ மனிதரோ உண்டால் அது நட்டவர்க்குத் தருமமாகும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அணிலுக்கும் கிளிக்கும் கொய்யாவைப் பறிகொடுத்து வருந்துவோர்க்கு இது நல்ல ஆறுதல்.

ஒரு சென்டில் ஆகக்கூடியது

இடமில்லை என்பதே பலரும் கூறும் மறுமொழி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அவ்வளவும் வேண்டுவதில்லை, ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் நூறு சதுர அடி கிடைத்தால் கீரைக்குப் போதும். முளைக்கீரை விதைத்த 25 நாட்களுக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். இவற்றின் விதை மிகப் பொடியது. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. எறும்பு விதையை இழுத்துச் செல்லாதிருக்கப் பாத்தியின் ஓரத்தில் அரிசி நொய்யைத் தூவுவர் நம் மூதாட்டியர். எறும்புக்கும் பங்கு வைத்துத் தம் பங்கைக் காத்துக்கொண்ட அறிவு இது!

அவரையும் புடலும் பீர்க்கும் ஆடியில் ஊன்றப்படுவன. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழி வயலுக்கு மட்டுமன்று, கொல்லைக்கும் உரியது. பந்தலுக்கு இடமற்றோர் வேலியிலோ மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் கைப்பிடியிலோ கொடியைப் படரவிடலாம். மாடியில் தொட்டி வைப்போர் ஒன்றை மறத்தலாகாது: நனைந்த மண் ஒரு கன அடி ஐம்பது கிலோ அளவுக்கு எடையுள்ளது. தென்னை நார்க்கழிவைக் கலந்தால் பாரம் குறையும்; பழைய கட்டடமாயின் பொறியாளரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

முருங்கையை முன்பு போத்து வெட்டி நட்டனர். அது காய்க்க நாளாகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதையால் வளர்வது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கும். எதுவாயினும் தலையைக் கிள்ளிவிட்டால்தான் பக்கக் கிளை வெடித்துக் கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பர். முன்பாதியை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம், பின்பாதியை ஏற்பதற்கில்லை. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும் மரமாதலின் வாசற்படியிலிருந்து தள்ளி நடுதல் நலம்.

குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். சோப்புக் கலந்த நீரைக் கீரைப்பாத்தியில் விடலாகாது. அரிசி களைந்த நீர் கீரைக்கு ஏற்றது.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் நம் பாட்டிமார்களே. விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் இட்டு அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டோர் அவர்கள். அவர்தம் அறிவு எழுத்தில் ஏறவில்லை. வீடுகள் அடுக்குமாடிகளாகும்போது கொல்லையுடன் அச்சொற்களும் போகின்றன. கீரை வகைகளின் பெயரை வகுப்பில் கேட்டபோது சிற்றூரிலிருந்து வரும் மாணவியர்கூட நான்கைந்துக்கு மேல் கூற இயலாமல் நின்றனர்.

ஆதலின் இவ்வாண்டு நம் துறை மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு குறிப்பேடு கொண்டு செல்ல வேண்டுகிறோம். வீட்டு மூத்த பெண்களிடம் கீரை, கொடி, கிழங்கு ஆகியவற்றின் பெயர்களையும், பாத்தி கட்டுதல், விதை பாதுகாத்தல் பற்றிய சொற்களையும் கேட்டு, ஊர்ப்பெயருடன் எழுதி வருக. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்தது. உங்கள் பாட்டியின் சொல் அதில் உள்ளதா எனத் துறை நூலகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். சொல்லோடு ஒரு பிடி விதையும் கொண்டுவருவோர்க்குத் துறையின் பின்புறம் இடம் ஒதுக்கித் தரப்படும். அங்குக் காலை வெயில் நன்றாகவே விழுகிறது.