கனவுக்குள் விழிப்பது பற்றிக் கயலுக்கு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குக் கனவே வருவதில்லை என்கிறாய். அடுத்த வரியிலேயே, கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்ள எப்படிப் பழகுவது என்றும் கேட்கிறாய். இரண்டும் ஒரே கேள்விதான். நினைவில் நிற்காத கனவுக்குள் நீ விழித்துக்கொண்டாலும் காலையில் அது உனக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் கனவில் பறக்கிற ஆசையைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் நினைவு.

கனவே காணாதவர்கள் மிக அரிது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கருவிழிகள் சில நேரம் விறுவிறுவென ஓடுவதைப் பார்த்து எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் கனவு ஒன்றைச் சொன்னார்கள். இந்தக் கனவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் சில நிமிடங்களே இருக்கும்; விடியும் நேரத்தில் அரை மணிக்கு மேலும் நீளும். நம் பெரியவர்கள் விடியற்காலைக் கனவுக்குத் தனி மதிப்புக் கொடுத்தது, நினைவில் நிற்பது அதுதான் என்பதால் இருக்கலாம்.

நீயோ இரவு பன்னிரண்டு மணிவரை படித்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைக்கிறாய். கனவு நிறைந்திருக்கும் பகுதியை அப்படியே வெட்டி எறிந்துவிடுகிறாய். உன் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பரீட்சை நாட்களில் இது முடியாதென்றால் சனி, ஞாயிறு இரவுகளையாவது தூக்கத்துக்குக் கொடு. தூக்கத்தைத் திருடிக்கொண்டு இந்த வித்தையைப் பழக நான் சொல்லித்தர மாட்டேன்.

அடுத்து, விழிக்கிற நிமிடம். நினைவு பதிய உதவும் நோரட்ரினலின் என்ற பொருள் கனவுத் தூக்கத்தின்போது மூளையில் மிகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு பெரிய கனவும் பல் தேய்த்து முடிப்பதற்குள் கரைகிறது. விழிப்பு வந்ததும் அசையாதே. கண்ணைத் திறக்காதே. போனைத் தொடாதே. "என்ன கனவு?" என்று கேட்டால் பதில் வராது, "இப்போது எங்கே இருந்தேன்?" என்று கேள். ஒரு முகமோ படிக்கட்டோ வரும். அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போ. ஒன்றுமே வராவிட்டால் மனம் எப்படி இருக்கிறது என்று பார்; பயமா, ஏக்கமா, அவசரமா? அந்த உணர்ச்சியின் பின்னாலேயே சில நேரம் காட்சி வந்துவிடும். எனக்கு, வழக்கமாகப் படுக்கிற பக்கம் மெல்லப் புரண்டால் இன்னொரு துண்டும் கிடைப்பதுண்டு. பிறகு தலைமாட்டில் வைத்திருக்கும் நோட்டில் எழுது. நடை, இலக்கணம் எதையும் பார்க்காதே. "ஒன்றும் இல்லை" என்றாலும் தேதி போட்டு அதையே எழுது.

என் நோட்டிலிருந்து ஒன்று தருகிறேன்:

"ரேஷன் கடை. எடை போடும் இடத்தில் அம்மா. சர்க்கரைக்குப் பதிலாக மழைத் தண்ணீரை அளந்து ஊற்றுகிறாள். போர்டில் எழுதியிருந்தது, திரும்பிப் பார்த்தால் வேறாக இருக்கிறது. எனக்கு ஒரே கவலை, வரிசையில் இடம் போய்விடக் கூடாது."

என் அம்மா, அதாவது உன் அப்பத்தா, காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. தண்ணீரை யாரும் சர்க்கரை என்று அளப்பதில்லை. பலகையில் எழுத்து தானாக மாறாது. இத்தனை இருந்தும் எனக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. வரிசைதான் பெரிதாக இருந்தது. கனவுத் தூக்கத்தில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிகள், "இது சரியா?" என்று கேட்கிற பகுதிகள், அடங்கிப்போகின்றன. அந்தக் கேள்வியை அங்கே எழுப்பத்தான் நாம் பழகுகிறோம்.

சில வாரம் எழுதியபின் நோட்டைப் புரட்டி, திரும்பத் திரும்ப வருவதை வட்டமிடு. எனக்கு அம்மாவும், விற்றுப்போன வீட்டின் கிணற்றடியும். உனக்குப் பரீட்சை ஹாலாக இருக்கலாம். அந்த அடையாளத்தைப் பகலில் பார்க்கும்போதெல்லாம், நினைத்துக்கொள்ளும்போதெல்லாம், "இப்போது நான் கனவில் இருக்கிறேனா?" என்று உண்மையாகவே சந்தேகப்படு. ஓர் எழுத்தைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படி. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பார். கனவில் பெரும்பாலும் மூச்சு வந்துவிடும். கடமைக்குச் செய்தால் கனவிலும் கடமைக்கே செய்வாய்.

பிறகுதான் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த முறை. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, கடைசிக் கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, "அடுத்து கனவு காணும்போது அது கனவென்று எனக்கு ஞாபகம் வரும்" என்று மனசுக்குள் சொல்லியபடி, அந்தக் கனவிலேயே நீ அடையாளத்தைக் கண்டுகொள்வதாகக் கற்பனை செய்துகொண்டு திரும்பத் தூங்க வேண்டும். 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி செய்த ஆய்வில், பகல் சோதனையையும் இந்த முறையையும் சேர்த்து ஒரு வாரம் முயன்றவர்களுக்கு 17 சதவீதம் வெற்றி கிடைத்தது. ஆறு முயற்சிக்கு ஒன்று. எனவே சில வாரம் எதுவும் நடக்காவிட்டால் மனம் தளராதே. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும் முயன்றால் போதும்.

இதெல்லாம் கற்பனை என்று உன் நண்பர்கள் சொன்னால் இதைச் சொல். கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும், ஆனால் விழிகள் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இந்த வாசலைப் பயன்படுத்தினார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூக்கத்திலிருந்தே, முன்பே பேசி வைத்தபடி, விழிகளை இடமும் வலமுமாக அசைத்து "நான் கனவில் இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது" என்று சைகை தந்தார். கருவி அதைத் தாளில் வரைந்தது. லபெர்ஜ் இதையே ஸ்டான்போர்டில் தனியாக நிறுவினார். 2021இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தூங்குகிற இளைஞர் ஒருவரிடம் எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டார்கள். அவர் கனவுக்குள்ளிருந்தே விழிகளை இரண்டு முறை அசைத்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உனக்கு முதல்முறை வாய்க்கும்போது சந்தோஷத்தில் துள்ளாதே. அந்தத் துள்ளலே எழுப்பிவிடும். இரண்டு கைகளையும் தேய்த்துக்கொள், காலடித் தரையைப் பார், பக்கத்துச் சுவரைத் தொடு. காட்சி நிலைத்தபின் எங்கே வேண்டுமானாலும் போ.

எச்சரிக்கையும் உண்டு. இப்படி இடையில் எழுந்து தூங்கும்போது சில சமயம் விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஊரில் அமுக்குவான் என்பார்களே, அதுதான். தசைகள் இன்னும் தூக்கத்திலிருந்து மீளவில்லை, அவ்வளவே. மூச்சைக் கவனித்தபடி விரல் நுனியை அசைக்கப் பார், விலகிவிடும். கனவு வரவழைப்பதாக விற்கிற மாத்திரைகள் எதையும் தொடாதே. பகலிலேயே எது நிஜம் என்ற குழப்பம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே அம்மாவிடம் சொல், டாக்டரைப் பார்க்கலாம்.

பொங்கல் லீவுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. வட்டமிடுவதைச் சேர்ந்தே செய்வோம். எனக்குக் காட்ட விருப்பமில்லாத பக்கங்களை மடித்து வைத்துவிடு, அவற்றைப் பிரிக்க மாட்டேன்.

அன்புடன்,
அத்தை