வளாகக் குடியிருப்பில் ஒரு புதுக் குடும்பம்



பல்கலைக்கழகம் என்றதும் வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் நூலகமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே படிக்கவோ பணிபுரியவோ வந்தவரின் மனைவி, குழந்தை, வயதான பெற்றோர் ஆகியோரின் பகற்பொழுது எப்படிக் கழிகிறது என்று நாம் அதிகம் எண்ணுவதில்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

நம் ஊரில்

1949-இல் தோன்றிய புனே பல்கலைக்கழகத்தின் கணேஷ்கிண்ட் வளாகம் ஏறத்தாழ 411 ஏக்கர் பரப்புடையது. அங்கே 1988-இல் அமைந்த 'ஐயூகா' வானியல் மையத்தின் குடியிருப்புக்கு 'ஆகாஷ்கங்கா' என்று பெயர். பாஷாண் சாலையில், 1950-இல் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வகத்துக்கும் குடியிருப்பு உண்டு. இத்தகைய இடங்களில் மரநிழலுக்கும் அமைதிக்கும் குறைவில்லை. ஆனால் புதிதாய் வந்தவருக்கு அந்த அமைதியே தனிமையாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நிறுவனக் குடியிருப்பில், திருநெல்வேலியிலிருந்து வந்து பத்தே நாளான ஒரு பெண்ணின் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டது. கணவர் ஆய்வுக்கூடத்தில்; கைபேசியோ அலமாரியில். எந்தக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பால்காரர் வரும்வரை ஈரத்துணியோடு விழித்திருந்தார். எதிர்வீட்டில் இருந்தவர் ஒரு மருத்துவர் என்பது மறுவாரம்தான் அவருக்குத் தெரிந்தது! உதவி இருந்தது, அதற்கு வழிகாட்டத்தான் ஆளில்லை.

வெளிநாட்டில்

அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் உதவியால், போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பலர் மனைவி மக்களுடன் கல்லூரிகளுக்கு வந்தனர். பழைய இராணுவக் கொட்டகைகளே அவர்களுக்கு வீடுகளாயின. பின்னர் நிரந்தரக் குடியிருப்புகள் எழுந்தன. ஸ்டான்ஃபோர்டின் 'எஸ்காண்டிடோ வில்லேஜ்' 1959-இல் திறக்கப்பட்டது. இன்று அங்கு செல்லும் நம் பெண்கள் பலர் 'எஃப்-2' விசாவில் செல்கின்றனர். அதில் வேலை பார்க்க இயலாது, பகுதிநேரமாகப் படிக்கலாம். பட்டம் பெற்றவருக்கும் நாள் முழுதும் நான்கு சுவர்தான். இதனால்தான் அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, துணைவியர் குழு, குழந்தைகள் காப்பகம் போன்றவை நடைபெறுகின்றன.

தேவையான நான்கு

1. வரவேற்பு: வந்த முதல் வாரத்தில் ஒருவர் நேரில் சென்று மருத்துவர், மருந்துக்கடை, பள்ளி, பேருந்து விவரங்களை எழுதிக் கொடுத்தல்.

2. மொழி: 'தவாகானா' என்ற பலகை மருத்துவமனையைக் குறிக்கும், 'மண்டை' என்றால் தலையல்ல, காய்கறிச் சந்தை, விலை கேட்க 'கிதி?' போதும். இப்படி ஐம்பது மராத்திச் சொற்கள் தெரிந்தால் ஒரு பெண் தனியே வெளியே செல்வார்.

3. குழந்தைகள்: 2017-இல் வந்த மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் பணியில் இல்லாத தாய்க்கும் மாலையில் இரண்டு மணி நேரம் ஓய்வு வேண்டாமா? அண்டை வீட்டார் முறைவைத்துப் பார்த்துக்கொண்டால் செலவில்லை.

4. கைமாற்றம்: இதுவே முக்கியம். வளாகக் குடியிருப்பில் எல்லாரும் ஒருநாள் வீட்டைக் காலி செய்பவர்களே. ஆர்வமுள்ள ஒருவர் தொடங்கிய பணி, அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடுகிறது. ஆகவே எப்பணிக்கும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் பழையவர், மற்றவர் புதியவர். தொடர்பு விவரங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

2014 முதல் நம் பல்கலைக்கழகம் சாவித்ரிபாய் புலேயின் பெயரைத் தாங்குகிறது. 1848-இல் இதே நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர்களுள் ஒருவர் அவர். அவர் பெயர் கொண்ட இடத்தில் ஒரு பெண் யாரையும் அறியாமல் விடியும்வரை காத்திருக்கலாகாது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் குடியிருப்பில் கடைசியாகக் குடிவந்த குடும்பம் எது? அவ்வீட்டுப் பெண்மணியின் பெயர் தெரியுமா?
2. நள்ளிரவில் அவர் யார் கதவைத் தட்டலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?
3. நீங்கள் ஊரைவிட்டுப் போனால் உங்கள் பணியைத் தொடரப்போவது யார்?

விடை 'தெரியாது' என்றால், இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.